பாக்கிக் கணக்குக்கு ஒரு நகல்



மளிகை மொத்த வியாபாரத்தில் நம் முதல் மூன்று இடங்களில் கிடக்கிறது. கிடங்கில் மூட்டையாகக் கிடப்பது ஒன்று. வங்கியில் இருப்பது ஒன்று. மூன்றாவது, வெளியே பாக்கியாக நிற்பது. பல கடைகளில் இந்த மூன்றாவதுதான் பெரிய தொகை என்பதை நாம் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். கிடங்குக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். தீ விபத்துக்குக் காப்பீடு எடுக்கிறோம். வங்கிப் பணத்தை வங்கி பார்த்துக்கொள்கிறது. பாக்கிக்கு மட்டும் பூட்டும் இல்லை, காவலும் இல்லை. கணக்கில் எழுதி இருக்கிறது என்பது ஒன்றுதான் அதற்குப் பாதுகாப்பு.

கந்தர்வக்கோட்டை, தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையில் இருக்கிற ஊர். சுற்றுக் கிராமங்களில் உள்ள பெட்டிக்கடைக்காரர்களும் சிறு மளிகைக்காரர்களும் நம்மிடம் சரக்கு எடுக்கிறார்கள். பருப்பு, சர்க்கரை, எண்ணெய் டின், மிளகாய் எல்லாம் இந்த வாரம் போகும். பணம் அடுத்த வாரம் வரும், அல்லது அதற்கடுத்த வாரம் வரும். கடலை வீடு வந்து சேரட்டும், முந்திரிக் கொட்டை விற்கட்டும் என்று பொறுத்துக்கொள்கிற கணக்குகளும் உண்டு. பத்திரம் எழுதி வாங்குவதில்லை. சாட்சிக் கையெழுத்து இல்லை. முகத்தையும் கணக்கையும் நம்பி நடக்கிற வியாபாரம் இது.

அந்தக் கணக்கு இன்று எங்கே இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம்.

முன்பு சிட்டை, நாள்வழி, பேரேடு என்று தனித்தனிப் புத்தகங்கள் இருந்தன. சரக்கு போகும்போது சிட்டையில் ஏறும். இரவில் கணக்குப்பிள்ளை அதை நாள்வழியில் எழுதுவார். பிறகு அவரவர் பெயருக்குப் பேரேட்டில் பற்று வைப்பார். ஒரே கடன் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கும். பேரேட்டைக் கரையான் தின்றாலும் சிட்டைக் கட்டைப் பிரித்துப் புதுப் பேரேடு கட்டிவிடலாம். அந்தக் காலத்துப் பெரியவர்கள் வேலை இல்லாமல் மூன்று முறை எழுதவில்லை. இன்று கம்ப்யூட்டரில் நாள்வழி என்று ஒரு பக்கம் திறக்கிறது, பேரேடு என்று ஒரு பக்கம் திறக்கிறது, ஐந்தொகையும் வருகிறது. ஆனால் இவை எல்லாம் இருப்பது ஒரே ஒரு தகட்டில். மூன்று புத்தகங்களின் பெயர் இருக்கிறது, புத்தகம் ஒன்றுதான். அந்தத் தகடு போனால் மூன்றும் சேர்ந்து போகும்.

கம்ப்யூட்டரைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. நம்மில் பலர் பயன்படுத்துகிற டாலி மென்பொருளே 1986-இல் பெங்களூரில் தொழில் நடத்திய ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவரின் கணக்கு வேலைக்காக அவருடைய மகன் பரத் கோயங்கா உருவாக்கியதுதான். வியாபாரி வீட்டுப் பிள்ளை, தகப்பனார் கணக்கை எளிதாக்கச் செய்தது இன்று தேசம் முழுவதும் கடைக்குக் கடை இருக்கிறது. அதனால் கூட்டல் பிழை ஒழிந்தது, இரவில் கண் விழிப்பது குறைந்தது. குறை மென்பொருளில் இல்லை, நாம் அதை வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. மிளகாய்த் தூளும் மைதா மாவும் பறக்கிற கல்லா மேசைக்குக் கீழே, எலி நடமாடுகிற மூலையில், மின்சாரம் ஏறி இறங்குகிற லைனில் அதை வைத்திருக்கிறோம்.

பழைய கம்ப்யூட்டர்களில் இருந்தது சுழலுகிற ஹார்டு டிஸ்க். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும். அதன்மேல் ஒரு முள் படாமல் பறந்து படிக்கும். அது பழுதாகும் முன் பெரும்பாலும் ஒரு சத்தம் கொடுக்கும், மெதுவாகும். சமீப ஆண்டுகளில் சர்வீஸ் பையன்கள் அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தார்கள். இதில் சுழலுவது எதுவும் இல்லை. பென் டிரைவில் இருப்பது போன்ற சிப்புகளில் தகவல் பதிகிறது. பில் போடுவது வேகமாயிற்று என்று எல்லோருக்கும் சந்தோஷம். வேகம் உண்மைதான். ஆனால் எஸ்.எஸ்.டி. போகும்போது பெரும்பாலும் சத்தம் இல்லாமல் போகும். நேற்று மாலை வேலை செய்தது, இன்று காலையில் இருக்கிற இடமே தெரியாது. அதிலிருந்து தகவலைத் திரும்ப எடுப்பது வெளியூர் நிபுணர் வேலை. செலவும் பெரிது, கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

நமக்குத் தெரிந்த ஒரு மொத்தக் கடையில் இப்படி நடந்தது. முதலாளி தம் ஆட்களை லைனுக்கு அனுப்பி, ஒவ்வொரு கடைக்காரரிடமும் ‘உங்கள் கணக்குப்படி எவ்வளவு தரவேண்டும்?’ என்று கேட்டு எழுதி வரச் சொன்னார். பெரும்பாலோர் உள்ளதைச் சொன்னார்கள். நம் கிராமத்துக் கடைக்காரர்களைப் பற்றி இதை நாம் மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறோம். ஆனால் ‘போன வெள்ளிக்கிழமை உங்கள் ஆளிடம் ஐயாயிரம் கொடுத்தேனே’ என்று ஒருவர் சொல்கிறார். வாங்கிய ஆள் ‘அது அதற்கு முந்தைய வாரம்’ என்கிறான். இருவரும் பொய் சொல்லவில்லை. கணக்கு இல்லாத இடத்தில் நல்லவரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார். அந்தக் கடையில் பணம் கொஞ்சம் போயிற்று. பத்து வருஷப் பழக்கம் இரண்டு மூன்று சேர்ந்து போயிற்று. பின்னதுதான் பெரிய நஷ்டம்.

இதைச் சொன்னால் சிலர் உடனே, ‘எல்லாம்தான் ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கிறதே, ஆடிட்டரிடம் இருக்கிறதே’ என்கிறார்கள். என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் உள்ளவருக்கு நாம் போட்ட பில் மாதக் கணக்கில் தனித்தனியாக ஏறுகிறது. எண் இல்லாத பெட்டிக்கடைக்காரருக்கு விற்றது மொத்தத் தொகையாகத்தான் போகிறது. அதில் அவர் பெயர் கிடையாது. யார் எப்போது எவ்வளவு பணம் கட்டினார் என்பது அந்தத் தளத்தில் எங்கும் கிடையாது. வரிக்கு வேண்டியது அங்கே இருக்கிறது. வசூலுக்கு வேண்டியது இல்லை. ஆடிட்டரிடம் இருப்பது வருஷக் கடைசியில் நாம் கொடுத்த கணக்கு. நேற்று வரைக்குமான பாக்கி அவருக்கு எப்படித் தெரியும்?

சட்டமும் இதை நம் தலையில்தான் வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு, கணக்குகளை அந்த ஆண்டுக்குரிய வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. உதாரணமாக 2023-24 கணக்குக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதம் என்றால் 2030 டிசம்பர் 31 வரை அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். அப்பீல், விசாரணை என்று ஏதேனும் நடந்தால், அது முடிந்த பிறகு ஓராண்டு வரை, அல்லது இந்த 72 மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. ஜி.எஸ்.டி. விதிகளில் 57-வது விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: கணக்கை மின்னணு முறையில் வைத்திருப்பவர் அதற்கு முறையான நகலும் வைத்திருக்க வேண்டும், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்துவிட்டால் நியாயமான காலத்துக்குள் திரும்ப எடுக்கும்படி அது இருக்க வேண்டும் என்கிறது. ‘கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகிவிட்டது சார்’ என்பது பதில் ஆகாது. கோர்ட்டுக்குப் போனாலும் இதே கதைதான். ஒழுங்காக எழுதி வந்த கணக்குப் புத்தகம், மின்னணுக் கணக்கு உட்பட, சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படும். அது மட்டுமே போதாது, வேறு ஆதாரமும் வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. கணக்கே இல்லாதவர் எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்?

இனி பரிகாரத்துக்கு வருவோம். அது நாம் பயப்படுகிற அளவுக்குச் செலவுள்ளது அல்ல.

எஸ்.எஸ்.டி.யை உள்ளே போட்டு மூடி, யு.எஸ்.பி. கேபிளில் எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகிக்கொள்ளும்படி ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. கடைக்காரர்கள் ‘எக்ஸ்டர்னல் கேஸ்’ என்பார்கள். சிகரெட் பெட்டி அளவு, அல்லது அதைவிடச் சிறியது. பெட்டிக்குள் ஒரு சிறு சர்க்யூட் மட்டும் இருக்கும், எஸ்.எஸ்.டி. பேசுகிற மொழியை யு.எஸ்.பி. மொழியாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. தனி மின்சாரம் வேண்டாம். கேபிளிலேயே மின்சாரம் வந்துவிடும். பழைய பெரிய டெஸ்க்டாப் ஹார்டு டிஸ்க்குக்கு மட்டும் தனி அடாப்டர் தேவை.

இதில் நமக்கு இரண்டு விதத்தில் லாபம் உண்டு. முதலாவது, கம்ப்யூட்டர் பழுதானால் கணக்கு பழுதானதாக அர்த்தம் அல்ல. நம் பகுதிக் கடை ஒன்றில் சனிக்கிழமையன்று கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எடுத்துப்போன சர்வீஸ்காரர் ஒன்பது நாள் வைத்திருந்தார். போர்டு போய்விட்டது, உதிரி வரவேண்டும் என்றார். அந்த ஒன்பது நாளும் வசூல் ஆட்கள் பட்டியல் இல்லாமல் லைனுக்குப் போனார்கள். பிறகு விஷயம் தெரிந்த ஒரு பையன் வந்து, உள்ளே இருந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த கேஸில் போட்டு, பக்கத்துக் கடை லேப்டாப்பில் செருகினான். பத்து நிமிஷத்தில் மொத்தக் கணக்கும் திரையில் நின்றது. போனது போர்டு, தகட்டுக்கு ஒன்றுமே இல்லை. அதை முதல் நாளே செய்திருக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒவ்வொரு ஊர்ச் சங்க அலுவலகத்திலும் இரண்டு மாதிரிக் கேஸ் வாங்கி வைக்க வேண்டும் என்பது நம் யோசனை. தராசு முத்திரை முகாம் நடத்துவது போல இதற்கும் ஒரு நாள் ஒதுக்கி, வந்தவர்களுக்குச் செருகிக் காட்டலாம்.

இரண்டாவது லாபம், பழைய எஸ்.எஸ்.டி. வீண்போகாது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு உதவியை நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களைப் பலர் மாற்றினார்கள். இன்னும் மாற்றி வருகிறார்கள். பழையதை எடைக்குப் போடுகிறவர்களும், பண்டமாற்றாகக் கொடுக்கிறவர்களும் உள்ளே இருக்கிற தகட்டோடு கொடுத்துவிடுகிறார்கள். இது பேரேட்டைப் பழைய பேப்பர்காரனிடம் போடுவதற்குச் சமம். யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தோம், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கம்ப்யூட்டரைக் கொடுங்கள், தகட்டைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். 2025 கடைசியில் மெமரி சிப் தட்டுப்பாட்டால் எஸ்.எஸ்.டி. விலை உலகம் முழுவதும் ஏறியது. அந்த நிலையில் கையில் இருப்பதை ஒரு கேஸில் போட்டுப் பயன்படுத்துவதுதான் வியாபாரிக்கு அழகு.

கேஸ் வாங்கப் போகும்போது தகட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். ‘ஒரு எஸ்.எஸ்.டி. கேஸ் கொடு’ என்று கேட்டு வாங்கி வந்தால் பாதிப் பேருக்குப் பொருந்தாது. மூன்று சாதி இருக்கிறது. முதல் வகை இரண்டரை அங்குலம். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் அகலமாக, மெல்லிய உலோகப் பெட்டியாக இருக்கும். இதற்குச் சாட்டா என்று பெயர். இதற்கான கேஸ் சில நூறு ரூபாய்தான். பழைய லேப்டாப் ஹார்டு டிஸ்க்கும் பெரும்பாலும் அதே கேஸில் உட்காரும். மற்ற இரண்டும் எம்.2 என்று சொல்லப்படும் சூயிங்கம் பட்டை போன்றவை. பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு வேறு. ஒன்று எம்.2 சாட்டா, மற்றது என்.வி.எம்.இ. பட்டையின் நுனியில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. ஆனால் விதிவிலக்கு உண்டு; ஒட்டியிருக்கும் லேபிளைப் படிப்பதுதான் நிச்சயம். என்.வி.எம்.இ.க்கான கேஸில் சாட்டா பட்டை வேலை செய்யாது. இரண்டையும் ஏற்கும் கேஸும் உண்டு, விலை கொஞ்சம் கூடும். அகலம் எல்லாவற்றுக்கும் 22 மில்லிமீட்டர். நீளம் மட்டும் 30, 42, 60, 80 மில்லிமீட்டர் என்று மாறும். 2280 என்று போட்டிருந்தால் 22-க்கு 80 என்று அர்த்தம்.

வேகத்தைச் சொல்லித்தான் விற்பார்கள். 10 ஜிகாபிட், 20 ஜிகாபிட், 40 ஜிகாபிட் என்று ஏலம் போடுவார்கள். சினிமா எடுக்கிறவருக்கு அது வேண்டும். மளிகைக் கடைக் கணக்கு சில வருஷம் சேர்ந்தாலும் பெரும்பாலும் சில ஜிபியைத் தாண்டுவதில்லை. 5 ஜிகாபிட் கேஸில் ஒரு ஜிபி சில நொடியில் ஏறிவிடும், பழைய யு.எஸ்.பி. 2.0 துளையில் செருகினாலும் ஏறக்குறைய அரை நிமிஷம். ஷட்டரை இறக்குகிற நேரத்துக்குள் முடிகிற வேலைக்கு ராக்கெட் எதற்கு? அந்தப் பணத்தில் இரண்டாவது கேஸ் வாங்குவது புத்திசாலித்தனம். என்.வி.எம்.இ. வகை கொஞ்சம் சூடாகும். அதனால் அலுமினியக் கேஸாகப் பார்த்து வாங்கி, கூடவே வரும் ரப்பர் போன்ற பட்டையை மறக்காமல் ஒட்ட வேண்டும். கையில் சுட்டால் பயப்பட வேண்டாம், உள்சூட்டை உறை வெளியே கடத்துகிறது என்று பொருள். மொபெட் பெட்டிக்குள் போட்டுச் சித்திரை வெயிலில் நிறுத்துவதுதான் ஆபத்து.

‘இதற்குப் பென் டிரைவ் போதாதா?’ என்று கேட்கலாம். ஒன்றும் இல்லாததற்குப் பென் டிரைவ் மேல். ஆனால் தினம் எழுதி அழிப்பதற்கு அதில் இருக்கும் சிப்பும் அதை நிர்வகிக்கும் பகுதியும் பொதுவாக மட்டமானவை. பேருந்து நிலையத்தில் விற்கிற சிலவற்றில் 16 ஜிபி சிப்பை வைத்து 512 ஜிபி என்று காட்டும் மோசடியும் உண்டு. நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். பெயர் மட்டும் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. அதே மோசடி மலிவு எக்ஸ்டர்னல் டிரைவ்களிலும் நடக்கிறது. 16 டிபி இரண்டாயிரம் ரூபாய் என்றால், கல் கலந்த பருப்பைக் கண்டால் நமக்கு வருகிற சந்தேகம் அங்கேயும் வர வேண்டும்.

‘இணையத்திலேயே போட்டு வைத்துவிடலாமே’ என்பவர்களும் உண்டு. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2018 நவம்பர் 16-ஐ நாம் மறக்க முடியாது. விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜா புயல் உள்நாட்டுக்குள் இவ்வளவு தூரம் வந்தும் நம் வட்டாரத்தில் தென்னையையும் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. மின்கம்பங்கள் வயலில் கிடந்தன. மின்சாரம் திரும்பப் பல கிராமங்களில் வாரக்கணக்கானது. செல்போன் டவர்கள் அணைந்தன. தகர ஷீட் பறந்த கிடங்குகளில் மழை உள்ளே கொட்டியது. அந்த நாட்களில் இணையத்தில் இருக்கிற கணக்கு ஆகாயத்தில் இருக்கிற கணக்குதான். சட்டைப் பையில் இருக்கும் பெட்டியும், ஜெனரேட்டரில் ஓடும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் கணக்கைப் பார்த்துவிடலாம். அதைவிடவும் மேலானது மாதம் ஒருமுறை பாக்கிப் பட்டியலைக் காகிதத்தில் எடுத்து வைப்பது. காகிதத்துக்கு மின்சாரம் வேண்டாம்.

நகல் எடுக்கும் முறையில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டியைச் செருகியபடியே விட்டுவிடக் கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களில் உள்ள தகவலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த மாதிரி வைரஸ் கம்ப்யூட்டரை மட்டும் பூட்டுவதில்லை. அந்த நேரம் செருகியிருக்கிற பெட்டியையும் சேர்த்துப் பூட்டும். கம்ப்யூட்டரோடு ஒட்டியே இருக்கிற நகல், நகல் அல்ல. கணக்கு மென்பொருளை மூடி, அதிலேயே இருக்கும் பேக்கப் வசதியில் பெட்டிக்கு எடுத்து, முறைப்படி எஜெக்ட் கொடுத்து, பிடுங்கி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கல்லாப் பெட்டிக்குள் வைப்பதில் பிரயோஜனம் இல்லை. தீ வந்தால் இரண்டும் ஒரே இடம், திருடன் வந்தால் அவன் முதலில் திறப்பது கல்லாவைத்தான்.

இரண்டு பெட்டி வைத்து, ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது என்று மாற்றினால் இன்னும் நல்லது. கெட்டுப்போன கணக்கைத் தெரியாமல் நகல் எடுத்துவிட்டால்கூட முந்தைய வாரத்து நல்ல நகல் இருக்கும். மேலும், எஸ்.எஸ்.டி.யை மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் போடக் கூடாது. ஜெடெக் என்ற தர அமைப்பின் அளவுப்படி, எழுதும் ஆயுள் முழுதும் முடிந்த எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் 30 டிகிரி என்பது இரவு நேரக் கணக்கு. வாரம் மாற்றி வாரம் செருகுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. 72 மாதக் கணக்கை ஒரு பெட்டியில் போட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவருக்குத்தான் இதைச் சொல்கிறோம்.

பழைய தகட்டைப் புதிதாகக் கேஸில் போட்டுச் செருகும்போது சில சமயம் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?’ என்று திரையில் கேட்கும். உள்ளே கணக்கு இருக்கிறது என்றால் ‘சரி’ என்று அழுத்தவே கூடாது. விஷயம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதேபோல் சமீபத்திய லேப்டாப் பலவற்றில் பிட்லாக்கர் என்ற பூட்டு தானாகவே விழுந்திருக்கும். தகட்டைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகினால் 48 இலக்கச் சாவி எண் கேட்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அந்த எண்ணை எடுத்து எழுதி வைக்க வேண்டும். எழுதியதைக் கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறோம்.

வீட்டுக்கு எடுத்துப் போகிற பெட்டிக்கும் பாஸ்வேர்டு வேண்டும். பேருந்தில் தவறவிட்டால் போவது ஒரு பெட்டி மட்டும் அல்ல. இன்ன ஊர்க் கடைக்காரர் இன்ன தொகை பாக்கி வைத்திருக்கிறார் என்பது நாலு பேர் காதுக்குப் போனால் அவருக்கு அடுத்த இடத்தில் சரக்குக் கிடைக்காது. பெண் கொடுக்கப் போகிற இடத்திலும் பேச்சு வரும். அவர் நம்மை நம்பிக் கடன்பட்டவர். அவர் மானம் நம் பெட்டியில் இருக்கிறது. பாஸ்வேர்டு குடும்பத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாளி மட்டும் அறிந்த பாஸ்வேர்டு, முதலாளி ஆஸ்பத்திரியில் படுத்த அன்று யாருக்கும் உதவாது.

நகல் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறு ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பார்க்க வேண்டும். ஐந்து கடைக்காரர் பாக்கியை எடுத்துக் கடைக் கணக்கோடு ஒத்துப் பார்த்தால் போதும். திறக்காத நகல் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இங்கே மென்பொருள் விற்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கிறது. சில உள்ளூர் பில்லிங் மென்பொருள்களில் நகல் எடுக்கவே சர்வீஸ்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வருஷச் சந்தா கட்டவில்லை என்றால் நம் கணக்கையே நாம் திறக்க முடிவதில்லை. வாங்கும்போதே, ‘பாக்கிப் பட்டியலை எக்செல்லிலோ பி.டி.எஃப்.பிலோ நானே எடுத்துக்கொள்ள முடியுமா, செய்து காட்டு’ என்று கேட்க வேண்டும். செய்து காட்டாதவரிடம் வாங்கக் கூடாது. தனித்தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். சங்கம் எழுதிக் கேட்டால் பதில் வரும்.

கடைசியாகக் கேபிளைப் பற்றி. பெட்டியோடு வருகிற கேபிள் பெரும்பாலும் ஒரு சாண்தான் இருக்கும். நீளம் போதவில்லை என்று செல்போன் சார்ஜர் கேபிளை எடுத்துச் செருகுகிறார்கள். பல சார்ஜர் கேபிள்கள் வேகம் கொடுக்காது. சிலவற்றில் தகவல் போகும் கம்பியே இருக்காது, பெட்டி தெரியவில்லை என்று புகார் வரும். பழைய கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையும் சில சமயம் போதிய மின்சாரம் கொடுக்காது, பாதியில் அறுந்துபோகும். பின்பக்கத்து நீலத் துளையில் செருகுங்கள். கூட வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். அதே மாதிரி இன்னொன்று வாங்கிப் பெட்டியோடு ஒரு மஞ்சள் பையில் போட்டு வையுங்கள். ராத்திரி எட்டரை மணிக்குக் கந்தர்வக்கோட்டையில் கேபிள் தேடி அலைய முடியாது.